ஆறடிக் கயிறு

— என்ற நாய் கடிக்கலீங்கண்ணா.

— கடிக்கலீங்க தம்பி. ஒத்துக்கறேன். என்ற வேட்டி தானாக் கிழிஞ்சுதுங்க.

— போலோ வெளையாட வந்துச்சுங்க. ஒண்ணும் பண்ணாதுங்க அது.

— நானும் வெளையாட்டுக்குத்தானுங்க வாய்க்கால்ல போயி உழுந்தேன்.

— ரத்தினசாமியண்ணா, கால் எப்படி இருக்குதுங்க?

— வாங்க சித்ரகலா அம்மிணி. கால் இருக்குதுங்க. உங்க கிழட்டு நாயையும் கூட்டிட்டு வந்தீங்களா? நல்லா ஒருக்கா சுத்திக் காட்டிருங்க. இந்தக் குளத்தங்கரையில நாளையிலருந்து நாய்க்கு எடமில்லைன்னு இன்னிக்குப் பொழுதோட குளத்துக் கமிட்டியில கையெழுத்துப் போடறேனுங்க.

— இவனுக்கு ரெண்டு கண்ணும் தெரியாதுங்கண்ணா. இந்தக் கரையில மட்டுந்தான் மோப்பம் புடிச்சு நடப்பான். வெளிய ரோட்டுல, கம்பெனி வேனுக்கு நடுவுல எங்கீங்க நடப்பான்? போர்டுல போட்டபடி கயிறு கட்டித்தான் கூட்டிட்டு வர்றோம். பையில அள்ளித்தான் போறோம்.

— நீங்க செஞ்சீங்க அம்மிணி. இல்லைங்கல. ஆனா கமிட்டித் தலைவரு என்னையே வாய்க்கால்ல தள்ளி உட்டாச்சு. நாளைக்கு நடக்க வர்ற புள்ளத்தாச்சியத் தள்ளினா யாருங்க பதில் சொல்றது?

— பிரபாகர், நீங்க மன்னிப்பாவது கேட்டீங்களா?

— எதுக்குங்கக்கா? போர்டுல என்ன போட்டிருக்குது? நாயைக் கட்டிக் கூட்டிட்டு வரணும். கயிறு ஆறடிக்கு மேல போகக்கூடாது. நான் கட்டித்தான் வெச்சிருந்தேன். கையில புடிச்சுத்தான் இருந்தேன். இஞ்ச் டேப்பு பாக்கெட்லயே இருக்குது, அளக்கட்டுங்களா?

— அளங்க தம்பி.

— பாருங்கண்ணா. ஆறடி. ஒரு நூல் கூட அதிகமில்லை.

— இப்ப இழுத்து அளங்க.

— இழுத்து அளக்கறது எங்க லைன்ல இல்லீங்கண்ணா. சும்மா வெச்சு அளந்தாத்தான் அளவு.

— குடுங்க இப்படி. பிரபாகர், இதென்ன, ஜட்டி எலாஸ்டிக்கா?

— ஜட்டி இல்லீங்கக்கா. ஸ்போர்ட்ஸ் ஷார்ட்ஸோட இடுப்புப் பட்டி. எக்ஸ்போர்ட் குவாலிட்டி. நம்ம மெஷின்ல ஓட்டுனது. கலர் கொஞ்சம் மாறிப்போச்சுன்னு வெளிநாட்டு பையர் வேண்டாம்னுட்டான்.

— எலாஸ்டிக்லயா நாயைக் கட்டுவீங்க?

— எலாஸ்டிக் கம்பெனி வெச்சிருக்கறவன் கடையில போயி நாய்க்கயிறு வாங்குனா ஊரு சிரிக்காதுங்களா?

— ஏனுங்க தம்பி, இது இழுத்தா எங்கமுட்டும் போகுமுங்க?

— ரெண்டு பங்கு தாராளமாப் போகுமுங்கண்ணா. உட்டா பழைய அளவுக்கு வந்து நின்னுக்கும். ரெகவரியில நம்மளை அடிச்சுக்க ஆளில்லீங்க. அன்னிக்கும் பாத்தீங்கல்ல? போச்சு, உங்களைத் தொட்டுச்சு, திரும்பி வந்து எனக்கு ஆறடியில கரெக்டா நின்னுக்குச்சு.

— நான் வாய்க்கால்ல கெடந்து பாக்கறப்ப நாய் பின்பக்கமாவே பறந்து போச்சுதுங்க. அது ரெகவரிங்களா?

— ஆமாங்கண்ணா.

— நான் தலை சுத்துதுன்னு நெனைச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேனுங்க.

— சிரிக்காதீங்க பிரபாகர். கயிறு எதுக்குங்க? நாய் நம்ம பக்கத்துல இருக்கறதுக்கு. எதிர்ல ஆள் வந்தா நான் கயித்தைச் சுருட்டி இவனை முழங்காலோட சேத்திக்குவேன். ஓரமா நின்னு வழி உடுவேன். நீங்க என்ன பண்றீங்க?

— ஒண்ணும் பண்ணாதுங்க, ஒண்ணும் பண்ணாதுங்கன்னு சத்தமாச் சொல்லீட்டேதானுங்க வர்றேன்.

— யாருகிட்டச் சொல்றீங்க, நாய்கிட்டயா?

— அக்கா, நான் ஒண்ணு சொல்றேன். அண்ணன் தப்பா நெனைக்கக் கூடாது. அண்ணனுக்கு நாயின்னா பயம். பயந்தா அதுக்கு வாசமே தெரிஞ்சு போயிரும். தைரியமா நின்னிருந்தா மோந்து பாத்துட்டு அதும்பாட்டுக்குப் போயிருக்கும்.

— பயந்தானுங்க தம்பி. அனுப்பர்பாளையத்துல பாத்திரப் பட்டறை வெச்சிருந்தவனுங்க நான். உலை பக்கத்துல நின்னு பயந்ததில்லை. நாயைக் கண்டா மட்டும் கால் தானா நகுந்துக்குது. அதைச் சொல்றதுல என்னங்க வெக்கம்?

— அதைத்தாங்கண்ணா நானும் சொல்றேன். உங்க பயத்துக்காக எல்லா நாயையும் வெளிய தள்ளறது ஞாயமுங்களா? என்ற பொண்ணு மதுமதி கனடாவுக்குப் படிக்கப் போறப்ப ஒப்படைச்சுட்டுப் போன நாயிங்க இது. நடத்திக் கூட்டிட்டுப் போனீங்களாப்பான்னு நெதமும் போன்ல கேக்கறா. ஊட்ல அடைச்சு வெச்சா சோபாவைக் கிழிக்குது. அவளுக்கு நான் என்னங்க சொல்லுவேன்?

— பொண்ணுக்குச் சொல்றதை அப்பறம் பாக்கலாம். அண்ணா, ஒரே ஒருக்கா நான் சொல்றதைக் கேளுங்க. இவன் கயித்தை அவுத்துத் தர்றேன். பருத்தி. நீளாது. போலோவை இதுல மாட்டி உங்க கையில தர்றேன். அந்த பெஞ்சு வரைக்கும் நடந்து பாருங்க. அப்பவும் வேண்டாம்னா கையெழுத்துப் போடுங்க, நான் ஒரு வார்த்தை பேசலை.

— என்ற கையிலயா? அம்மிணி, ஏனுங்க இந்த வேலை?

— நானும் கூடவே வர்றேனுங்க. பிரபாகர், புடிச்சு மாட்டுங்க.

— நீங்களே மாட்டிருங்கக்கா. எனக்கு வெரல்ல அடி. ஊட்ல கூட வாட்ச்மேன் மாரப்பன்தான் மாட்டி கேட்ல நீட்டுவாரு.

— வாடா போலோ. அவ்வளவுதான். அண்ணா, புடிங்க. ரெண்டடி உட்டா போதும், மிச்சத்தைக் கையில சுத்திக்கங்க.

— உங்க கிழவன்?

— அவனை என்ற துப்பட்டாவுல கட்டிக்கிட்டேன். நடங்க.

— அம்மிணி, எதிர்ல ரெண்டு பேரு வர்றாங்க.

— ஓரமா நில்லுங்க. கயித்தைச் சுருட்டுங்க. முழங்காலோட. இன்னுங் கொஞ்சம்.

— போயிட்டாங்களா?

— நீங்க கண்ணைத் தொறந்தாத் தெரியுமுங்க.

— அட. உக்காந்திருச்சுங்க.

— ஆமாங்க.

— என்ற கால் மேலயே உக்காந்திருக்குதுங்க. தலையைக் கொண்டாந்து தொடையில வெக்குது பாருங்க. இது என்னைத் தள்ள வந்த மாதிரி இல்லீங்க அம்மிணி. யாரு மேலயாவது சாயணும்னு இருந்திருக்குதுங்க.

— அண்ணா, கையெழுத்து?

— போடறேனுங்க. நாய் வரலாம். ஆனா போர்டை மாத்தி எழுதோணும். ரெண்டடிக் கயிறு, பருத்தி. நாய் வளக்கறவரு தன் கையால, பக்கத்துலயே புடிச்சுக்கோணும். வேலையாள்கிட்டக் குடுக்கக் கூடாது. எலாஸ்டிக் ஆகாது. தம்பி, கேட்டுதுங்களா?

— கேட்டுதுங்கண்ணா. ரெண்டடிங்கறது ரொம்பக் கிட்டத்துல இல்லீங்களா? நாலு?

— ரெண்டு.

— மூணரை?

— பிரபாகர், இது பையர் இல்லை, பேரம் பேசறதுக்கு. நாய் உள்ள வரலாம்னு அண்ணன் சொல்லிட்டாரு. வந்து போலோவை வாங்கிக்கங்க.

— இருக்கட்டுங்கக்கா. அண்ணனுக்குப் புடிச்சுப்போச்சாட்ட இருக்குது. கேட் வரைக்கும் அவரே புடிச்சுட்டு வரட்டும்.

— ஏனுங்க தம்பி, பின்னாலயே போறீங்க? கிட்ட வாங்க. ஒண்ணும் பண்ணாதுங்க.

— தெரியுமுங்கண்ணா. ஆனா நான் இன்னிக்கு வரைக்கும் அதைத் தொட்டதே இல்லீங்க.