ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு

அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி உட்கார்ந்தேன். எதிர் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள்.

"நீ வாயே தொறக்க வேணாய்யா. கயித்த மட்டும் காட்டு" என்றாள் அந்த அம்மாள்.

"வா... வாய தொறக்காம எப்டிமே சொல்லிக்குடுக்கறது?"

அவருக்குத் திக்குவாய். செவ்வாப்பேட்டை பக்கம் அவர்களுடைய நிலத்தில் ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் சேர்ந்து சின்ன விழா நடத்துகிறார்களாம். பிள்ளைகளுக்கு மண் பொம்மை, விதைப்பந்து எல்லாம் சொல்லித் தருவார்கள். கூடாரம் கட்டச் சொல்லித் தருவது இவர் பொறுப்பு.

"ப... பசங்க சிரிக்கும். வேற ஆளப் பாரு."

"சிரிச்சா இன்னா? நான் சிரிக்கலயா இத்தினி வருசமா?"

"நீ சிரிக்கறது வேற."

அவர் பையிலிருந்து கயிற்றை எடுத்தார். அவள் மடியில் இருந்த பையின் காதை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். "இ... இத்த இப்டி வுடு. அத்த சுத்தி எடு. இந்த நுனிய இழுத்தா அவுந்துரும்" என்றார். நான் வெளியே பார்ப்பதுபோல இருந்தேன்.

செவ்வாப்பேட்டை வந்துவிட்டது. பை கம்பியிலேயே இருந்தது.

"யோவ், எறங்கணும், முடிச்ச அவுத்துவுடுய்யா."

"நீ அவுத்துவுடு. சொ... சொல்லிக்குடுத்தன்ல?"

அவள் தடவிப் பார்த்து ஒரு நுனியை இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்தது.

"எனக்கே வந்துட்ச்சி. பசங்களுக்கு வராதா?"

அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே அவள் பின்னால் இறங்கினார்.

"ஒரு க... கயிறு பத்தாதுமே" என்றார். "நெறய பசங்க வரும்."