பந்தி நேரத்தில் ஓநாய் வேட்டை

ஞாயிறு மாலைக் குறிப்பு: ஆவடி மின்ரயில் அம்பத்தூரைத் தாண்டியபோது, என் எதிரே உட்கார்ந்திருந்த, ஒரே ஆன்லைன் விளையாட்டுக் குழுவில் இருக்கும் இரு நண்பர்களில் கண்ணாடி போட்டவர் கேட்டார்.

"மத்தியானம் உங்க வூட்டு விசேஷப் பந்தியில என் பக்கத்துல குந்திகினு சாப்ட்ட. அதே நேரம் கேம்ல உன் ஆளு ஓநாய் வெட்டிகினு இருந்தான். எப்டி மச்சான்?"

"அப்பா ஆடுனாரு. ரிட்டயராயி சும்மாதான கீறாரு. ஷிப்டு மாதிரி நாள் பூரா வெட்டுவாரு. எனக்கு ஏது அவ்ளோ பொறுமை?"

"நான் தெனம் கண்ணு எரிய வெட்டி லெவல் ஏத்துறேன். நீ தானா ஆடுற சாப்ட்வேர் போட்டுட்டு அப்பான்றியா? குரூப்ல சொன்னா இன்னைக்கே தூக்கிடுவாங்க."

"சத்தியமா அப்பாதான்டா!"

"எனக்குப் பாயசம் ஊத்துனதே உங்கப்பாதான். ஒரு கையில வாளி, ஒரு கையில கரண்டி. போனை எதுல புடிச்சாரு?"

திருமுல்லைவாயிலில் இருவரும் இறங்கிவிட்டார்கள். மற்றவரைக் குழுவிலிருந்து நீக்கினார்களா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.