மேசை சாட்சி

எனக்கு இருபது நிமிடம்தான் என்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு அமர்ந்திருக்கும் மாநாட்டுத் தலைவர், பெருமதிப்பிற்குரிய ஃபே ருட்கோவ்ஸ்கி அவர்களே! விஸ்கான்சின் பனியில் வண்டியோட்டி, பகடைப் பையும் பழம்பகையும் சுமந்து வந்திருக்கும் பெரியோர்களே! தூரிகை ஏந்திய கலைஞர்களே! தோற்றாலும் மேசையை விட்டு எழாத தோழர்களே! பிள்ளைகளின் ஆட்டப் புத்தகங்களை அன்று கொளுத்தாமல் காத்த தாய்மார்களே! கொளுத்திய தாய்மார்களே, உங்களுக்கும்தான்! இவர்கள் எல்லோருக்கும் முன்பாக, முதல் வரிசை ஓரத்தில், மேலங்கியைக்கூடக் கழற்றாமல் அமர்ந்திருக்கும் அம்மா ஆர்டிஸ் க்ளெம்கே அவர்களே! தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

நம் ஆட்டத்தின் வரலாற்றைப் பேசச் சொல்லி அழைத்தார்கள். பேசியபின் கேடயமும் தருவார்களாம். அதோ, பளபளவென்று மேசைமேல் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

வரலாறு என்ன, பெரிய வரலாறு? நிலவறைகளில் மணல் பரப்பி, ஈயப் பொம்மை வீரர்களை அடுக்கி, ஆளுக்கொரு படையை நகர்த்திக்கொண்டிருந்த மனிதர்கள் நாம். ஒருநாள் எவனோ ஒருவனுக்குத் தோன்றியது: படை எதற்கு? ஒரே ஒரு வீரனாக நானே இருந்தால் என்ன? அந்த ஒரு கேள்வியில் பிறந்தது இந்த உலகம்! படை போய், ஆளுக்கொரு கதைப் பாத்திரமும் அதன் குணமும் பலமும் குறிக்கும் பாத்திரத் தாளும் வந்தன. ஆறு முகப் பகடை போதாமல் இருபது முகப் பகடை வந்தது. கதையைச் சொல்லி, விதியைக் காத்து, தட்டிக்கு மறைவில் பகடை உருட்ட நடுவர் வந்தார். முதல் புத்தகங்களில் படங்கள் எப்படி இருந்தன? நெருப்புக் கக்கும் பறவைநாகம் வரைந்தால் வான்கோழி தெரியும். பின்வரிசையில் சிரிக்கிறார்கள், அவர்களிடம் அந்தப் பதிப்பு இருக்கிறது போலும்.

அந்த வான்கோழியைப் பறவைநாகமாக்கியவர் வெண்டெல் ஓஸ்ட்பி. இன்று திறக்கும் ஓவியக்கூடம் அவர் பெயரில் இருக்கிறது. எங்கள் ஏரிக்கரை ஊரில், சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, எங்கள் மேசையில் ஆடியவர். ஐந்து பேர் கொண்ட மேசை. நடுவர் நான். பகலில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், சனிக்கிழமைகளில் அரக்கர்களுக்கு அதிபதி! ஐந்தாவது ஆள், என் பழைய மாணவன், பாலாடைக்கட்டி ஆலையில் வேலை பார்த்த கர்ட் க்ளெம்கே. வயது இருபது.

எங்கள் மேசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒருவருடைய பாத்திரம் செத்தால், “உன் பாத்திரம் செத்தது” என்று யாரும் சொல்வதில்லை, “நீ செத்தாய்” என்போம். அந்தப் பாத்திரத் தாளின் பின்புறம், ஆட்டக்காரனின் சொந்தப் பெயரைப் போட்டு, செத்த விதத்தையும் தேதியையும் சிவப்பு மையில் எழுதுவோம். கீழே “மேசை சாட்சி” என்று போட்டு ஐவரும் கையெழுத்திடுவோம். வெண்டெல் அந்தச் சாவை ஓவியமாகத் தீட்டுவார், செத்தவனின் சொந்த முகத்தோடு. அதைவிடப் பெரிய மரியாதை எங்கள் மேசையில் இல்லை. சாவதற்கே சிலர் ஆசைப்பட்டார்கள்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று, பிப்ரவரி ஐந்து. ஆட்டத்தில் கர்டின் குதிரைவீரன் உறைந்த ஆற்றைக் கடக்கப் பார்த்தான். பகடை கைவிட்டது. “கர்ட் இறந்தான். பனி உடைந்து மூழ்கினான். மேசை சாட்சி.” எழுதினோம், கைதட்டினோம்.

அடுத்த சனிக்கிழமை, பிப்ரவரி பன்னிரண்டு, கர்ட் வரவில்லை. ஆலையிலிருந்து எங்கள் மேசைக்கு உறைந்த ஏரியின் மேல் நடந்தால் கால்மணி நேரம், சாலையில் சுற்றினால் ஒரு மணி நேரம். அந்தக் குளிர்காலம் பாதிக் குளிர்காலம். ஏரியின் நடுவில் பனி கெட்டிப்படவில்லை. மறுநாள் அவன் உடலைத் தேடி எடுத்தார்கள்.

காவல் அதிகாரியான ஷெரிஃப் கர்டின் அறையைத் திறந்தார். மேசைமேல் சிவப்பு மைத் தாள். சாவதற்கு ஒரு வாரம் முன்பே தேதியிட்டு, விதம் எழுதி, சாட்சிகள் ஐவர் ஒப்பமிட்ட சாவு! பிறகு வெண்டெலின் வீட்டையும் திறந்தார். ஈரம் காயாத ஓவியத்தில், பனிக்கு அடியில், கண் திறந்தபடி கர்டின் முகம். நீங்கள் ஷெரிஃபாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? நம் ஆட்டத்தைப் பேயாட்டம் என்று போதகர்கள் மேடைக்கு மேடை முழங்கிய காலம் அது. மந்திரித்துக் கொன்றார்கள் என்றது ஊரில் ஒரு பாதி, பேசிவைத்துச் செத்தான் என்றது மறுபாதி.

அந்தத் தாளில் நால்வர் சொந்தப் பெயரில் ஒப்பமிட்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் வழக்கம்போல் “நடுவர்” என்று கிறுக்கியிருந்தான். அந்த நடுவர் யார் என்று வெண்டெலை ஷெரிஃப் கேட்டபோது கர்டின் பழைய ஆசிரியர் என்று மட்டும் விசாரிக்க அழைக்கப்பட்டு நான் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. வெண்டெல் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“நான்தாங்க,” என்றார். “ரெண்டு கையெழுத்தும் என்னுதுதான்.” மேசையின் மற்ற இருவரும் அவரை மறுக்கவில்லை.

எனக்கு வேலை இருந்தது, மனைவி இருந்தாள், ஊரில் பெயர் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஓவியத்தைத் தேவாலய முற்றத்தில் எரித்தார்கள். நானும் கூட்டத்தோடு நின்றேன். புத்தகக் கம்பெனி வெண்டெலை விலக்கியது. பறவைநாகங்களைப் பறக்கவிட்ட அந்தக் கை, பால்வண்டிகளின் பக்கவாட்டில் எழுத்து எழுதியே ஓய்ந்தது. அவர் சாகும்வரை அந்தத் தெருவில் நான் நடந்ததில்லை. உள்ளே ஓவியக்கூடத்தில் ஒரு படச்சட்டம் வெறுமையாகத் தொங்குகிறதே, ஏன் என்று கேட்டீர்களே, இதுதான் காரணம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பொறுங்கள் அம்மணி. நாற்பத்திரண்டு வருடம் பொறுத்தவர் முதல் வரிசையில் இருக்கிறார்.

ஆர்டிஸ் அம்மா, அந்த மார்ச் மாதம் பள்ளி வாசலில் என்னை நிறுத்தினீர்கள். நான் உங்கள் மகனுக்குப் பாடம் நடத்தியவன் என்று மட்டும்தான் உங்களுக்குத் தெரியும்.

“சார், யாரையும் நான் சபிக்க வரல,” என்றீர்கள். “எம் புள்ள சாகணும்னு நெனச்சானா? அது ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும். அவன் உங்ககிட்ட எதாவது சொன்னானா?”

“எனக்குத் தெரியலம்மா,” என்றேன்.

பொய்! நான் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய்! அந்த ஒரு சொல்லால், பெற்ற பிள்ளை விரும்பிச் செத்தான் என்ற எண்ணத்தோடு ஒரு தாயை நாற்பத்திரண்டு வருடம் எழவும் உண்ணவும் உறங்கவும் விட்டவன் நான். எனக்கா கேடயம்?

இதோ, என் சட்டைப் பையில் ஒரு தாள். பாத்திரம் செத்தவர்கள் புதுப் பாத்திரம் எழுதி, அடுத்த ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். இதுவும் எங்கள் வழக்கம். பிப்ரவரி பதினொன்று, வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், கையெல்லாம் எண்ணெயோடு கர்ட் இதை என்னிடம் நீட்டினான். ஓரத்தில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

“சார், இவனையாவது சீக்கிரமா கொன்னுடாதீங்க,” என்று சிரித்தான். “நாளைக்கு சுருக்குவழியா வந்து மொத ஆளா உக்காந்திருப்பேன், பாருங்க.”

எந்தப் பாத்திரத் தாளிலும் அச்சிடாத ஒரு கேள்வியை எங்கள் மேசையில் நான் கையால் எழுதிச் சேர்ப்பேன்: “இவனுக்கு என்ன வேண்டும்?” பொன் வேண்டும், வாள் வேண்டும், அரியணை வேண்டும் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். கர்ட் எழுதியதை அப்படியே படிக்கிறேன். “கெழவனாகணும். பல்லு போகணும். அதுவரைக்கும் உயிரோட இருக்கணும்.”

நாளை ஆட வரவிருந்தவன் எழுதியது அம்மா இது! சாக நினைத்தவன் எழுதுவதா இது? அவனைக் கொன்றது பனி. உங்களைக் கொன்றுகொண்டிருந்தது என் மௌனம். அந்த நடுவர் வெண்டெல் இல்லை. நான். மேசையே, நீ சாட்சி! அவையே, நீயும் சாட்சி!

தாளின் அடியில் நடுவரின் ஒப்பத்துக்கான இடம் இன்னும் காலியாக இருக்கிறது. எல்லோரும் பார்க்க, என் முழுப் பெயரை எழுதுகிறேன். டுவேன் ஆர்வில் ஸ்கோக்லண்ட்.

கேட்ட செவிகளுக்கு நன்றி. கேடயத்தை வெண்டெலின் காலிச் சட்டத்துக்குக் கீழே வையுங்கள். அம்மா, நீங்கள் எழ வேண்டாம். உங்கள் பிள்ளை எழுதியதை எடுத்துக்கொண்டு நானே இறங்கி வருகிறேன். வணக்கம்.