பன்னிரண்டாவது டப்பா

என் கையெழுத்து நன்றாக இருக்காது. அதனால் எதையும் கட்டம் போட்டுத்தான் எழுதுவேன். நீங்கள் எடுத்துப்போன நாட்குறிப்பில் அடித்தல் திருத்தல் நிறைய இருக்கும். அதனால் நடந்ததை இந்த வாக்குமூலத்தில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஏழு வருடத்துக்கு முன் மாலை வகுப்பில் வீட்டுக் காற்றைப் பற்றிப் படித்தேன். ரேடான் என்று ஒரு வாயு. மண்ணிலிருந்து தரை விரிசல் வழியாக ஏறி வரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம். பரிசோதனை எளிது. கதவு ஜன்னலை மூடி, ஒரு சின்ன டப்பாவை மூன்று நாள் திறந்து வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் கடிதத்தில் அளவு வரும்.

எங்கள் வீட்டில் தரைக்குக் கீழே, உச்சியில் ஒரே ஒரு ஜன்னலோடு ஓர் அறை உண்டு. அண்ணி பகல் முழுக்க அங்கேதான் தைப்பார். மெஷின் பக்கத்தில் டப்பாவை வைத்தேன். அபாய அளவைப் போல நான்கு மடங்கு என்று கடிதம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அண்ணி ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தார். விதி மீறிய அளவை எப்படி நம்புவது? சந்தேகம் இருந்தால் மறுபடி அளக்கச் சொல்லியிருந்தார் ஆசிரியர்.

மறுபடி அளந்தேன். மறுபடி திறந்தார். திறக்காதீர்கள் என்று ஒரு மனிதன் எத்தனை முறைதான் சொல்வது? வகுப்பில் பதினாறு பேருக்கு ஒழுங்கான அளவு கிடைத்தது. எனக்கு மட்டும் இல்லை.

"தம்பி, உங்க டப்பாவுக்கு மூச்சு முட்டுதோ என்னவோ, எனக்கு முட்டுது" என்றார் அண்ணி.

நான்காவது முறைக்கு முன், ஜன்னல் சட்டத்தில் ஆறு திருகாணி முடுக்கி, மேலே வெள்ளைப் பெயின்ட் பூசினேன். மரம் ஊதிவிட்டது என்றேன். நம்பினார். காற்று இல்லையென்று கதவுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்துத் தைத்தார். அந்த அளவும் வீணாயிற்று.

ஐந்தாம் வருடம் இருமல் தொடங்கியது. நூல் தூசுதான் என்றான் அண்ணன். நுரையீரலில் புற்றுநோய் என்று சொன்ன டாக்டர், வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்று விசாரித்தாராம்.

"யாருமே பிடிக்கிறதில்லையே தம்பி. எனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

ஒன்பதாவது கடிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. அந்த முறையும் கதவுக்குச் செங்கல் வைத்தாரா என்று எனக்குத் தெளிவில்லை. தெரியவில்லை அண்ணி என்றேன்.

போன மாதம் அவர் இறந்தார். மெஷினைத் தூக்க வந்த அண்ணன் கொஞ்சம் காற்று வரட்டுமென்று ஜன்னலைத் தள்ளினான். பெயின்ட் உதிர்ந்தது. திருகாணித் தலைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினான்.

"மரம் ஊதிடுச்சுன்னு சொன்னியேடா" என்று மட்டும் கேட்டான்.

ஜன்னல் திறந்தால் அளவு கூடுமா குறையுமா என்று நீங்கள் கேட்டீர்கள். குறையும். முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். திறந்த ஜன்னலோடு நான்கு மடங்கு என்றால் முதல் கடிதமே போதும். தரையில் ஒரு குழாயும் மின்விசிறியும் வைத்திருந்தால் இரண்டே நாளில் சரியாகியிருக்கும். அதுவும் எனக்குத் தெரியும். ஜன்னலை முடுக்கியது நான். பதினொரு கடிதங்களை மறைத்ததும் நான்.

ஒரு சின்ன உதவி. நீங்கள் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துவருவதற்குச் சற்று முன்தான் அந்த அறையில் பன்னிரண்டாவது டப்பாவைத் திறந்து வைத்தேன். வியாழக்கிழமை யாராவது மூடி, அனுப்பிவிட்டால் நல்லது. கதவு ஜன்னலைத் திறக்க இப்போது அங்கே ஆள் இல்லை. இந்த முறை அளவு சரியாக வரும்.