இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விக்குறிகள்

இந்த வயதில் தன் காலுறையைத் தானே மாட்டிக்கொள்ள முடியாமல் போவது பெரிய அவமானம் ஒன்றும் இல்லை. ரத்தம் காலில் தேங்காமல் இருக்க மருத்துவர் கொடுத்த இறுக்கமான காலுறை அது. மாட்டுவதற்கு இரண்டு கையும் நல்ல பலமும் வேண்டும். தினமும் காலை ஏழே முக்காலுக்குக் கெர்தின் வந்து மாட்டிவிடுகிறாள். வீட்டுக்கு வீடு போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்வதுதான் அவள் வேலை. நான்கு வருடமாக என்னிடம் வருகிறாள். முன்பு எதிர்வீட்டில் இருந்த பென்னி லெஃபெரிங்கின் மகள். நீங்கள் விசாரிக்க வந்த விஷயத்துக்கும் அவளுக்கும் தொடர்பு இருக்கிறது, அதனால் அவளை முதலில் சொல்லிவைக்கிறேன்.

ஒலிப்பதிவு ஓடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. உங்கள் நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதியவனே நான்தான். முப்பது வருடத்தில் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அவ்வளவு களைத்துப் போயிருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், பதிவுக்காகச் சொல்கிறேன். நம் நாட்டில் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போது ஆரம்பப் பள்ளி ஒரு பரிந்துரை எழுதுகிறது. அந்தக் காகிதம் பிள்ளையைப் பல்கலைக்கழகம்வரை போக வழியுள்ள மேல் பள்ளிக்கோ நடுப் பள்ளிக்கோ கைத்தொழில் பள்ளிக்கோ அனுப்புகிறது. மூன்றாவதைக் கீழ்ப் பள்ளி என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'கைவேலையில் நாட்டம் உள்ள பிள்ளை' என்போம். நெதர்லாந்தில் நாகரிகம் என்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் சொற்களில்தான் இருக்கிறது.

1993இல் எங்கள் ஆய்வு நிறுவனமும் ஹெங்கலோ பகுதியின் முப்பத்தொரு பள்ளிகளும் வட்டார வேலைவாய்ப்பு அலுவலகமும் ஒரு கூட்டாய்வு ஒப்பந்தம் போட்டோம். பள்ளிக்கும் பிழைப்புக்கும் என்ன உறவு என்று அந்த வருடத்துப் பிள்ளைகளை முப்பத்தைந்து வயதுவரை தொடர்ந்து பார்ப்பதாகத் திட்டம். பதிலுக்குப் பள்ளிகளுக்கு நாங்கள் ஓர் உதவி செய்தோம். பரிந்துரைக் கடிதங்களை எங்கள் கணினியில் அச்சிட்டுக் கொடுத்தோம். எந்தப் பிள்ளையை எங்கே அனுப்புவது என்று ஆசிரியருக்குத் தீர்மானிக்க முடியவில்லை என்றால், பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்புவார். தேர்வு மதிப்பெண்ணை வைத்து நாங்கள் முடிவுசெய்து எழுதுவோம். தலைமையாசிரியர்களுக்கு இதில் பெரிய நிம்மதி. பெற்றோர் சண்டைக்கு வந்தால் கணினியைக் கைகாட்டிவிடலாம்.

முதல் வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விக்குறிகள் வந்தன.

எங்கள் துறையில் எல்லோரையும் அரித்துக்கொண்டிருந்த ஒரு கேள்வி உண்டு. மேல் பள்ளிக்குப் போனவன் பிற்பாடு நன்றாக இருக்கிறான் என்றால், அது பள்ளி கொடுத்ததா, அவனிடமே இருந்ததா? இரண்டு பிள்ளைகள் எல்லா வகையிலும் ஒன்றாக இருந்து, ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் அனுப்பிப் பார்த்தால் ஒழியத் தெரியாது. அப்படிச் செய்ய யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் என் மேசையில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், எங்கே போனாலும் சரி என்று அவர்களுடைய ஆசிரியர்களே எழுதிக்கொடுத்த பிள்ளைகள்.

ஆகவே மதிப்பெண்ணை ஒதுக்கி வைத்தேன். எங்கள் தெருச் சங்கத்தில் பரிசுச்சீட்டுக் குலுக்குகிற கம்பி உருளை ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை மதியம் அலுவலகத்துக்குப் போனேன். பெயர்களைச் சீட்டுகளில் எழுதி மடித்துப் போட்டேன். முதலில் வருகிற நூற்றாறு பேர் கைத்தொழில் பள்ளிக்கு, உள்ளே மிஞ்சுகிறவர்கள் மேல் பள்ளிக்கு. நடுப் பள்ளியை விட்டுவிட்டேன், வித்தியாசம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. கொண்டுபோயிருந்த பாலாடைக்கட்டி ரொட்டியைத் தின்று முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

கொடுமை என்று உங்கள் முகம் சொல்கிறது. ஆசிரியர்கள் செய்தது மட்டும் என்ன? வக்கீல் மகனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு மேல் பள்ளி எழுதுவார்கள். துருக்கிக்காரர் மகள் அதே மதிப்பெண் வாங்கினால் கேள்விக்குறி போடுவார்கள். உருளைக்கு யார் மகள் என்று தெரியாது. அந்த ஒரு வருடம்தான் இந்த வட்டாரத்தில் பிள்ளைகள் பாரபட்சமில்லாமல் நடத்தப்பட்டார்கள் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடிதங்களைத் தட்டச்சு செய்த லித்வீன் மட்டும் ஒரு நாள் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஹார்ம், இந்தப் பிள்ளை இவ்வளவு மதிப்பெண் வாங்கியிருக்கு. இதைப் போய்க் கீழ தள்ளியிருக்கீங்களே?"

"மதிப்பெண் மட்டும் இல்ல லித்வீன், வேற சிலதும் சேர்த்துப் பாக்கறோம். அதுக்கு ஒரு சூத்திரம் இருக்கு."

"அந்தச் சூத்திரத்தை எனக்கும் ஒரு நாள் காட்டுங்க. அடுத்த வருஷம் என் பையனோட முறை."

காட்டுகிறேன் என்றேன். அவள் பிறகு கேட்கவில்லை. சூத்திரம் என்று சொல்லிவிட்டால் நம் ஜனங்கள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

கடிதங்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த வாரத்தில் பென்னி வந்தான். இயந்திரத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தவன். பகல் வேலை முடிந்து, குளித்துவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். என் மனைவி காபியும் ஆளுக்கொரு பிஸ்கட்டும் வைத்துவிட்டு டப்பாவை மூடினாள். பென்னி பிஸ்கட்டைத் தொடவில்லை.

"புரொஃபசரே, சின்ன விஷயம்தான். உங்க மெஷின் தப்பு பண்ணுமா?"

"எப்பவாவது பண்ணலாம். ஏன் பென்னி?"

"எங்க கெர்தின் மாட்டு டாக்டராவேன்னு ஏழு வயசுலேருந்து சொல்லிட்டிருக்கா. இப்ப சமையல், நோயாளி பாத்துக்கறதுன்னு வந்திருக்கு. உங்க பொண்ணு மர்லூஸுக்கும் இவளுக்கும் ஒரே மாதிரி கேள்விக்குறிதான் போட்டேன்னு வாத்தியாரே சொன்னாரு. மர்லூஸ் மேல போறா. போகட்டும், நல்லா இருக்கட்டும், பொறாமையில சொல்லல. எங்க பிள்ளையோடதை மட்டும் இன்னொரு தடவை பாருங்களேன்."

"பாக்கறேன்."

"நாங்க படிப்பு வாசனை இல்லாதவங்க. நீங்க பாத்து இதான் சரின்னுட்டா நாங்க விட்டுடுவோம். அழுதுட்டே கிடக்கா. பக்கத்துப் பண்ணையில கன்னுக்குட்டி போட்டிருக்கு, அதைக்கூடப் போய்ப் பாக்கல."

அதைச் சரிசெய்ய என் ஒரு கையெழுத்து போதும். கோடை விடுமுறைவரை பரிந்துரையை மாற்ற விதியில் இடம் இருந்தது. ஒரு வாரம் விட்டுவிட்டுத் தெருவைக் கடந்து போனேன். பென்னி தோட்டத்தில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான். "பாத்தேன் பென்னி. சரியாத்தான் இருக்கு," என்றேன். அவன் மண்வெட்டியை மண்ணில் ஊன்றி நிமிர்ந்தான். பிறகு சிரமம் எடுத்துப் பார்த்ததற்கு நன்றி சொல்லி, வெங்காயத்தாள் ஒரு கட்டுப் பறித்துக் கொடுத்தான். நாங்கள் அதைச் சூப் வைத்துச் சாப்பிட்டோம்.

ஒரு பிள்ளையைத் திருத்தினால் மற்ற நூற்றைந்து பேரையும் திருத்த வேண்டிவரும், ஆய்வு அங்கேயே படுத்துவிடும். இரண்டு நிறுவனங்களும் முப்பத்தொரு பள்ளிகளும் அதை நம்பிக் கையெழுத்திட்டிருந்தன. எனக்கு அது பெரிய பொறுப்பாகப் பட்டது.

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் அழைத்து எல்லோரையும் விசாரித்தோம். கெர்தினை நானே அழைப்பேன், தெரிந்த குரல் என்றால் அவள் தயங்காமல் பேசுவாள் என்று. கேள்வித்தாளின் கடைசியில் வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. இருபத்தேழு வயதில் அவள் சொன்னது இது: "எனக்குப் படிப்பு வராதுன்னு அப்பவே கண்டுபிடிச்சுச் சொல்லிட்டாங்க. நல்லதாப் போச்சு, இல்லாட்டி வீணா ஆசைப்பட்டுட்டு இருந்திருப்பேன்." இந்த மாதிரிப் பதில்களுக்கு எங்களிடம் ஒரு குறியீடு இருந்தது. 'சூழலுக்குப் பொருந்திவிட்டார்' என்று பதிந்தேன்.

முடிவுகளை நீங்கள் படித்திருப்பீர்கள். கேள்விக்குறிப் பிள்ளைகள் மதிப்பெண் எல்லைக்கோட்டில் இருந்தவர்கள், அவர்கள் மேலேயோ கீழேயோ போனது தற்செயல் என்று கட்டுரையில் எழுதியிருந்தேன். அந்தத் தற்செயலை யார் சுற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பாராட்டினார்கள், மேற்கோள் காட்டினார்கள். மேலே போனவர்களும் கீழே போனவர்களும் ஒரே தரத்துப் பிள்ளைகள். வாழ்க்கைதான் வேறு வேறாகப் போயிற்று. பள்ளிதான் காரணம் என்று உறுதியாயிற்று. முப்பத்தைந்து வயதுக்குள் கீழே போனவர்களில் ஏழு பேர் இறந்துவிட்டார்கள், மேலே போனவர்களில் இரண்டு பேர். எண்ணிக்கை சிறியது, புள்ளியியல்படி நிற்காது. ஆகவே அதைக் கட்டுரையில் சேர்க்கவில்லை.

பிறகு ஓய்வு பெற்றேன். மனைவி போய்ச் சேர்ந்தாள். கால் வீங்கியது, கெர்தின் வர ஆரம்பித்தாள். அவள் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் பக்கத்து வீட்டுக்காரரின் பூனை நொண்டியபோது, மருத்துவரிடம் போவதற்கு முன்பே எந்த எலும்பு என்று தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டாள். அது சரியாகத்தான் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால், என் காலடியில் மண்டியிட்டுக் காலுறையை இழுத்துக்கொண்டே தன் மகளைப் பற்றிச் சொன்னாள். பெயர் ஃபென்னா, பன்னிரண்டு வயது.

"டீச்சர் அவளுக்கு மேல் பள்ளிக்கூடம் எழுதறேன்னாங்க. நான்தான் வேண்டாம், கீழயே போடுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"எதுக்கு கெர்தின்?"

"எங்க குடும்பத்துக்கு அது ஒத்துவராதுங்க. நான் ஆசைப்பட்டு விழுந்த மாதிரி அவளும் விழணுமா? அன்னிக்கு நீங்களே ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்துட்டுத்தானே அப்பாகிட்டச் சொன்னீங்க. அவரு சாகற வரைக்கும் அதைச் சொல்லிட்டிருந்தாரு. டீச்சர் இன்னும் யோசிக்கறாங்க, பாவம். வலது காலைக் கொஞ்சம் தூக்குங்க."

தூக்கினேன்.

மார்ச் இருபத்து நாலாம் தேதி பரிந்துரை இறுதியாகிவிடும். இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அந்தக் குழந்தைக்குக் கேள்விக்குறிகூடக் கிடையாது; ஆசிரியைக்கு அவளைப் பற்றிச் சந்தேகமே இல்லை. தாய்தான் கீழே இழுக்கிறாள், என் உருளையிலிருந்து வந்த ஒரு சீட்டை நம்பி. அதைத் தடுக்கத்தான் உங்களுக்கு எழுதினேன்.

அவளிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். அவள் என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நிலையில் ஒருவரிடம் இதைச் சொல்ல முடியாது. மறுநாளும் அதே நிலைதான், அதற்கு அடுத்த நாளும். இருபத்து நாலாம் தேதிக்குள் உங்கள் குழு அவளுக்கு ஒரு கடிதம் அனுப்பினால் போதும். 1993 பரிந்துரைகளில் முறையியல் பிழை இருந்தது என்று நிதானமான மொழியில் எழுதுங்கள். என் பெயர் அதில் வர வேண்டிய அவசியமில்லை.

இன்னும் ஒன்று கேட்டீர்கள், குலுக்கலில் எங்காவது கை வைத்தேனா என்று. நல்ல கேள்வி, நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஒரே ஒரு தடவை. எழுபது சீட்டுக்கு மேல் எடுத்த பிறகு வந்த ஒரு சீட்டைப் பிரித்தால் மர்லூஸ் என்று இருந்தது, என் மகள். அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உருளையை மறுபடி சுற்றினேன். அடுத்து வந்தது கெர்தின் லெஃபெரிங்க். நூற்றாறு பேரில் ஒரு பெயர் மாறியதால் ஆய்வு முடிவில் எந்த வித்தியாசமும் இல்லை, பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். மர்லூஸ் அந்த வயதில் சின்ன விஷயத்துக்கும் மனம் உடைந்துபோவாள், மற்றப் பிள்ளைகளைப் போல இல்லை.