வேப்பிலை கட்டிய வீடு

– கதவைத் தெறக்க முடியாது அருணா. வாசல்ல வேப்பிலை தொங்குறது ஒன் கண்ணுல படலையா? எங்க வீட்டுக்காரருக்கு அம்மை போட்டிருக்கு. அங்கனயே நில்லு.

– நிக்கிறேன் சண்முகத்தாயக்கா. சன்னலையாச்சும் நல்லாத் தெறங்க. அண்ணனுக்கு எங்கன முத்துப் போட்டிருக்கு?

– முதுகுல, நெஞ்சுல, எங்கனயும்தான். கண்கொண்டு பாக்க முடியலை தாயி.

– அதெல்லாம் சரி. அம்மை கண்ட வீட்டுல யாராச்சும் கடுகு தாளிப்பாகளா? மத்தியானம் ஒங்க அடுப்படியிலருந்து கமகமன்னு வந்துச்சே.

– எங்க வீட்டுலயா? இருக்கன்குடி ஆத்தா மேல சத்தியமா இல்ல. மேலவீட்டுல தாளிச்சிருப்பாக.

– அவுகளை எதுக்கு இதுல இழுக்குறீக? மேலவீட்டுக்காரக காரியாபட்டிக்குப் போயி ஒரு வாரம் ஆச்சு.

– இப்ப எதுக்குடி என்னைய இந்தத் துருவு துருவுற? ஒன்னைய யாரும் வேவு பாக்க அனுப்புனாகளா?

– மெடிக்கல் கடை பாண்டிச்செல்வம் சொன்னான், காய்ச்சல் மாத்திரை மூணு அட்டை வாங்குனீகளாம். ஆத்தா வந்த ஒடம்புக்கு யாருக்கா மாத்திரை குடுப்பா?

– அது எனக்கு. கால்வலிக்கு.

– இந்தா, உள்ள லொக்கு லொக்குன்னு கேக்குதே, அதுவும் ஒங்க கால்வலிதானா?

– ஏ, மெல்லப் பேசு! ஒன் காலப் பிடிச்சுக் கேக்குறேன். கொரோனான்னு வெளிய தெரிஞ்சா தெருவையே தகரம் வச்சு அடைச்சுருவாக. இப்பத்தான் பட்டாசுக் கம்பெனியத் தெறந்திருக்காக. இந்தத் தெருவுல ஒரு சனம் வேலைக்குப் போக முடியாது. அம்புட்டுப் பேரும் என்னையத்தான் மண்ணை வாரித் தூத்துவாக.

– மூச்சு எப்படிக்கா விடுறாக?

– காலையிலருந்து இழுக்குது. படுக்க முடியாம உக்காந்தே கெடக்காக. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா ஆசுபத்திரியில செத்தா மொகத்தக்கூடக் காட்டாம பொட்டலமாக் கட்டிக் குடுக்காகளாமே... எப்படி அனுப்புவேன், சொல்லு.

– நான் நூத்தியெட்டுக்குப் போன் போட்டுட்டேன்க்கா. வண்டி வந்துக்கிட்டு இருக்கு.

– அடிப்பாவி! நீ நல்லா இருப்பியா? பத்து நாளைக்கு முன்ன ஒங்க மாமனாரை ஆத்தா கூட்டிட்டுப் போனப்ப நான் ஒரு வார்த்தை கேட்டேனா? அம்மை கண்ட ஒடம்புன்னு ஒங்க சொந்தக்காரகளே எட்டி நின்னாக. தலையோட காலாத் துணி சுத்திவச்சிருந்த மனுசனைக் கட்டில்லருந்து தூக்கிப் பாடையில வச்சது எங்க வீட்டுக்காரருதானே? அந்த நன்றிகூடவா இல்லாமப் போச்சு?

– அந்த நன்றிக்குத்தான்க்கா போன் போட்டேன். அன்னைக்கு எங்க வாசல்லயும் வேப்பிலையக் கட்டுனது நாந்தான். எங்க மாமா ஒடம்புல ஒரு முத்துகூடக் கெடையாது.