நானா நல்லாத்தான் இருக்கார்

ஹலோ... ஹலோ, செலாசி? நான் கொனாடு பேசறேன், டோமியாசியிலேர்ந்து... ஆமா, அரண்மனையிலேர்ந்துதான்... இரு, துக்கமெல்லாம் விசாரிக்காதே. அதுக்குத்தான் கூப்பிட்டேன். நானா சாகலை...

ஆமாப்பா, எங்க ராஜாதான். என் தாய்மாமா. என் எதிர்ல உக்காந்து ஆரஞ்சு உறிஞ்சிக்கிட்டு டி.வி.யில ஃபுட்பால் பாத்துக்கிட்டிருக்கார்... ஆமா, ஆமா, உயிரோடதான். செத்தவன் ரெஃப்ரியைத் திட்டுவானா?...

உங்க இணையக் களஞ்சியத்துலதான் தப்பு. டோமியாசியைப் பத்தின பக்கத்துல காலையில யாரோ எழுதியிருக்காங்க, 'நானா காலமானார்'னு. யார் வேணும்னாலும் திருத்தலாம்னு தொறந்து வெச்சிருக்கீங்க. நீ அதுக்குக் காவல்காரன். எடுத்து விடு... என்னது, ஆதாரமா?

ரேடியோ சொல்லிச்சு, சரி. ரேடியோக்காரன் எங்கேர்ந்து எடுத்தான்? உங்க பக்கத்தைப் பாத்துத்தானே படிச்சான். அந்த ரேடியோ செய்தியையே இப்ப நீங்க அடிக்குறிப்புல ஆதாரமா போட்டிருக்கீங்க. அவன் உன்னைக் காட்டறான், நீ அவனைக் காட்டறே. நடுவுல ஒரு மனுஷனைப் புதைச்சாச்சு...

மறுப்பு அறிக்கையா? செலாசி, நீ வோல்ட்டா பக்கத்து ஆளு, எங்க வழக்கம் உனக்குப் புரியாது. இங்க ராஜா செத்தா செத்தார்னு சொல்லக் கூடாது. எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணி முரசு அடிக்கிறவரைக்கும் அரண்மனை என்ன சொல்லும் தெரியுமா? 'நல்லா இருக்கார்'னு சொல்லும். போன ராஜா போனப்பவும் லேசா காய்ச்சல்னுதான் சொல்லிக்கிட்டிருந்தோம். ஊர் தலையாட்டிட்டு நேரா துக்கத் துணி வாங்கக் கடைக்குப் போச்சு...

அதான், அதேதான். இப்ப நான் உயிரோட இருக்கார்னு சொல்லச் சொல்ல, போயிட்டார்னு அவங்களுக்கு உறுதியாவுது. சந்தையில பாதிப் பேர் துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் கட்டியாச்சு. மீன்காரம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'நீ சொல்லவே வேணாம்மா, எங்களுக்குப் புரியுது'ன்னு அழுவுறா...

எடுத்தேனே. வீடியோ எடுத்து அனுப்பினேன். பழசுங்கறாங்க... அவரே பேசறதா? ராஜா ஊர்கிட்ட நேரா வாய் தொறக்க மாட்டார்பா. அவருக்குப் பதிலா பேசறதுக்குன்னே ஒக்யாமேன்னு ஒரு பதவி, அதுல பிரெம்பே இருக்கார். தங்கப்பிடி போட்ட கோலோட நிப்பாரே, போன திருவிழாவுல பாத்தியே, அவர்தான்... பேசினார், பேசாம என்ன. ரேடியோக்காரன் கேட்டதுக்குத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ரொம்ப மெதுவா, 'நானா நல்லாத்தான் இருக்கார்'னாராம். அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டாராம். அதைக் கேட்டுட்டுத்தான் பள்ளிக்கூடமே விட்டுட்டாங்க...

ஏன் துடைச்சார்னு எனக்கு எப்படித் தெரியும்? வயசான மனுஷன்... இல்ல, சண்டையெல்லாம் இல்ல. ஆத்தங்கரை நிலத்தைத் தங்கம் தோண்டறவங்களுக்குக் குடுக்கச் சொன்னார், நானா முடியாதுன்னுட்டார். அவ்வளவுதான்... ஆமா, போன வாரந்தான்.

சரி, அதை விடு. யார் எழுதினதுன்னு உனக்குத் தெரியும்ல?... உங்க தளத்துல கணக்கு தொறக்காம எழுதினா எந்த இணைப்புலேர்ந்து எழுதினாங்கன்னு எண் விழுமா? அப்ப அதைச் சொல்லு, போலீஸ்ல குடுக்கலாம்...

ஆமா, அழிச்சேன். காலையில நான்தான் அழிச்சேன், கணக்கெல்லாம் இல்லாமதான். நீங்கதான் திரும்பப் போட்டுட்டீங்களே... அதுக்கென்ன இப்போ?...

என்ன சொல்றே?... திரும்பச் சொல்லு.

எழுதின எண்ணும் அழிச்ச எண்ணும் ஒண்ணா?... நான் எழுதலை. செலாசி, சத்தியமா நான் எழுதலை. என் மாமா செத்தார்னு நான் எதுக்கு எழுதறேன்?... ஆமா, அரண்மனை இணைப்புலதான் அழிச்சேன். இங்கே ஒரே இணைப்புதான்... பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். நானா போனே தொட மாட்டார். அப்புறம் ஆபீஸ் அறையில...

ஆபீஸ் அறை அவரோடது. பிரெம்பேயோடது.

செலாசி, நான் சொல்றதைக் கேளு. உடனே அதை எடு. விதி எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்... நாலு பேர் ஒத்துக்கணுமா? எத்தனை நேரம் ஆகும்?... என்னது, புதுசா ஒரு வரியா? எப்போ?... படி... மெதுவாப் படி... 'அடுத்த ராஜாவாக'... யார் பேரு?... ராஜ வம்சத்துல அந்த இன்னொரு வீட்டு ஆளா? அவன் அந்தத் தோண்டற கம்பெனி வண்டியிலதானே சுத்தறான்...

இரு, ஜன்னல்கிட்ட போறேன்... வெளிவாசலைச் சாத்தியிருக்காங்க. எப்பவும் பகல்ல சாத்த மாட்டாங்க. பிரெம்பே முத்தத்துல நிக்கறார், சுத்தி நாலஞ்சு பேர். அதுல எங்க காவல்காரன் ஒருத்தனையும் காணோம்... பாத்துட்டார். என்னைப் பாத்துட்டார்... இல்ல, சிரிக்கலை. தலையை மட்டும் ஆட்டறார், துக்கம் கேக்கற மாதிரி.

போலீசுக்கு நீ போன் பண்ணு. இங்கேர்ந்து பண்ணினா... ஆமா, சொன்னா நம்ப மாட்டாங்க, நல்லா இருக்கார்னுதானே நான் சொல்லணும்... குமாசிக்குப் பண்ணு, இங்கே உள்ள ஸ்டேஷனுக்கு வேணாம். நானாவைப் பின்வாசல் வழியா நான்...

கேக்குதா உனக்கு? அது... அது பெரிய முரசு செலாசி. அதை ராஜா சாவுக்கு மட்டுந்தான் அடிப்பாங்க. அடிச்சிட்டா ஊர்ல அது முடிஞ்ச விஷயம். அதுக்கப்புறம் அவர் உயிரோட வெளியில வந்து நின்னா, பொய் சொன்னவங்க தலைதான் போகும். அவங்க அதுக்கு விடுவாங்களா...

டி.வி.யை அணைச்சுட்டார். எந்திரிச்சு நிக்கறார்... ஒண்ணுமில்ல மாமா, உக்காருங்க... செலாசி, அவர் என்னைத்தான் பாக்கறார். யார் செத்ததுன்னு கேக்கறார்...

நான் என்னன்னு சொல்ல... ஹலோ?... செலாசி?... ஹலோ...